செறிபொருள் கோட்பாட்டில் ஆய்வு: இரண்டு எலக்ட்ரான்களிலிருந்து தொடங்குங்கள்

முதுநிலை இரண்டாம் ஆண்டில் ஓர் ஆய்வு நிறுவனத்தின் நேர்முகத் தேர்வுக்குப் போயிருந்தேன். "உங்கள் ஆய்வு ஆர்வம் என்ன?" என்று கேட்டார்கள். "டோபாலஜிகல் பொருள்கள், உயர்வெப்ப மீக்கடத்திகள், குவாண்டம் கணிப்பொறி" என்று மூச்சுவிடாமல் சொன்னேன். எதிரே இருந்த பேராசிரியர் ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார். "இரண்டு அணுக்கள், இரண்டு எலக்ட்ரான்கள். ஹப்பார்டு மாதிரியில் அடிநிலை ஆற்றலைக் கண்டுபிடியுங்கள்" என்றார். தாள் வெள்ளையாகவே இருந்தது.

வீடு திரும்பிய வாரத்தில் அந்தக் கணக்கைப் போட்டு முடித்தேன். இன்று நான் செய்துவரும் ஆய்வின் வேர் அந்த ஒரு பக்கத்தில்தான் இருக்கிறது. செறிபொருள் இயற்பியலில், அதாவது வகுப்பில் கண்டென்ஸ்டு மேட்டர் என்று சொல்லும் துறையில், கோட்பாட்டு ஆய்வு செய்ய நினைக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் காட்டும் வழி இதனால்தான் கவர்ச்சியான தலைப்புகளில் தொடங்காமல் அந்த வெள்ளைத் தாளில் தொடங்குகிறது. நான்கு அடிப்படைகளில் உங்களுக்குப் பழக்கம் இருந்தால் போதும்: குவாண்டம் இயங்கியல், புள்ளியியல் இயற்பியல், அணிகள், கொஞ்சம் பைதான்.

முதலில்: இந்தத் துறை எதைக் கேட்கிறது?

ஒரு கன சென்டிமீட்டர் செம்பில் ஏறத்தாழ 8.5 × 10²² கடத்து எலக்ட்ரான்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் எந்தச் சமன்பாட்டுக்குக் கட்டுப்படுகிறது என்பது 1926 முதல் நமக்குத் தெரியும். தெரிந்தும் என்ன? பாதரசம் 4.2 கெல்வினில் மின்தடையை முற்றிலும் இழப்பதை, அதாவது மீக்கடத்துதலை, 1911இல் காமர்லிங் ஓனஸ் கண்டார். அதற்கு முறையான விளக்கத்தை பார்டீன், கூப்பர், ஷ்ரீஃபர் மூவரும் 1957இல்தான் கொடுத்தார்கள். இடையில் 46 ஆண்டுகள். சமன்பாடு கையில் இருந்தும், கூட்டமாகச் சேர்ந்தபின் எலக்ட்ரான்கள் என்ன செய்யும் என்பதை அதிலிருந்து எளிதாகப் படித்துவிட முடியவில்லை. அந்த இடைவெளியில்தான் நம் வேலை.

துறை பரந்தது. புதிதாக வருபவர் மூன்று கேள்விகளைக் கையில் வைத்துக்கொண்டால் எந்தப் பக்கம் போகிறோம் என்பது புரியும்.

எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று ஏறக்குறையப் பொருட்படுத்தாமல் படிகத்தில் ஓடினால் என்ன ஆகும்? ஆற்றல் பட்டைகள், கிராஃபீன், உள்ளே கடத்தாமல் விளிம்பில் மட்டும் மின்சாரம் கடத்தும் டோபாலஜிகல் கடத்தாப்பொருள்கள் எல்லாம் இந்தப் பக்கம். கிராஃபீன் 2004இல் தனித்துப் பிரிக்கப்பட்டது. அது கிராஃபைட்டின் ஒற்றைத் தாள்தான். அந்த கிராஃபைட் படிகத்தின் காந்தப் பண்பு திசைக்குத் திசை மாறுவதை 1930களிலேயே துல்லியமாக அளந்தவர்களில் ஒருவர் நம் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கிறது.

படிகம் ஒழுங்காக இல்லாமல் மாசும் குறையும் நிறைந்திருந்தால்? 1958இல் பி. டபிள்யூ. ஆண்டர்சன், ஒழுங்கின்மை எலக்ட்ரானை ஓரிடத்திலேயே கட்டிப்போட முடியும் என்று காட்டினார். 1979இல் ஆப்ரகாம்ஸ், ஆண்டர்சன், லிச்சியார்டெல்லோ, சென்னையில் பிறந்த டி. வி. ராமகிருஷ்ணன் ஆகிய நால்வரும் எழுதிய கட்டுரை, இரு பரிமாணத்தில் மிகச் சிறிய ஒழுங்கின்மையே இதற்குப் போதும் என்ற முடிவுக்கு வந்தது. எலக்ட்ரான்களுக்கிடையே விலக்கு விசை இல்லை என்று எடுத்துக்கொண்ட கணக்கு அது.

மூன்றாவது, எலக்ட்ரான்கள் ஒன்றையொன்று பலமாக விலக்கினால்? காந்தவியலும் தாமிர ஆக்சைடு மீக்கடத்திகளும் இங்கே வருகின்றன. என் மனம் போனது இந்தப் பக்கம். அதனால் கீழே வரும் பயிற்சிகளும் இந்தப் பக்கமே சாய்ந்திருக்கும்.

இரண்டாவது: வெள்ளைத் தாளை நிரப்புங்கள்

இரண்டு அணுக்களை அருகருகே வையுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே ஓர் ஆற்றல் மட்டம். எலக்ட்ரான் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவலாம். அந்தத் தாவலின் வலுவை டி என்று அழைப்போம். ஒரே அணுவில் இரண்டு எலக்ட்ரான்கள் உட்கார்ந்தால் யு அளவு ஆற்றல் கூடும். ஹப்பார்டு மாதிரி இவ்வளவுதான்.

இரண்டு எலக்ட்ரான்களை இதில் போட்டால் மொத்தம் ஆறு நிலைகள். இரண்டு ஸ்பின்களும் மேல்நோக்கியோ, இரண்டும் கீழ்நோக்கியோ இருந்தால் பௌலி தத்துவம் தாவலைத் தடுத்துவிடும். அவற்றின் ஆற்றல் சுழி. மீதி நான்கு நிலைகள்: இடப்பக்கம் மேல், வலப்பக்கம் கீழ், அதன் மறுதலை, இரண்டும் இடப்பக்கம், இரண்டும் வலப்பக்கம். நான்குக்கு நான்கு அணி ஒன்றை எழுதி ஐகன் மதிப்புகளைக் காணுங்கள். குறிகளில் கவனம் வேண்டும். எலக்ட்ரான்களை எந்த வரிசையில் எழுதுகிறீர்கள் என்பதை முதலிலேயே முடிவு செய்து, கடைசிவரை அதை மாற்றாதீர்கள்.

நான்கு விடைகளில் ஒன்று சுழி, இன்னொன்று யு. மற்ற இரண்டையும் பெற, யு-வின் வர்க்கத்தோடு 16 மடங்கு டி-யின் வர்க்கத்தைக் கூட்டி வர்க்கமூலம் எடுங்கள். அதை யு-வோடு கூட்டியும் யு-விலிருந்து கழித்தும் பாதியாக்குங்கள். கழித்து வருவதே அடிநிலை. அது சிங்கிலெட் நிலை, அதாவது மொத்த ஸ்பின் சுழி. இரண்டு ஸ்பின்களும் எதிரெதிர்.

இங்கே நிறுத்திவிடாதீர்கள். டி-யைவிட யு மிகப் பெரியதாக இருக்கும் எல்லைக்குப் போங்கள். அடிநிலை ஆற்றல், 4 மடங்கு டி வர்க்கத்தை யு-வால் வகுத்து வரும் அளவுக்குச் சுழிக்குக் கீழே இறங்கும். ஒரே திசை நோக்கிய ஸ்பின்களின் ஆற்றல் சுழியிலேயே நிற்கிறது. என்ன நடந்திருக்கிறது என்று பாருங்கள்: எலக்ட்ரான்கள் அவரவர் அணுவில் உறைந்துவிட்டன, மின்சாரம் ஓடாது, ஆனால் எதிரெதிர்த் திசையில் நிற்கும் ஸ்பின்களுக்கு ஆற்றல் குறைவு. நாம் எழுதிய ஹாமில்டோனியனில், அதாவது ஆற்றலுக்கான அந்த அணியில், காந்தத்தைப் பற்றி ஒரு சொல்லும் கிடையாது. மின் விலக்கும் தாவலும் மட்டுமே இருந்தன. அவற்றிலிருந்து காந்தம் பிறந்துவிட்டது. இந்த ஆற்றல் வேறுபாட்டைத்தான் பரிமாற்ற வினை, சுருக்கமாக ஜே, என்கிறோம்.

இந்தக் கணக்கை முதன்முறை முடித்த இரவில் எனக்குத் தூக்கம் வரவில்லை. உங்களுக்கும் அப்படி ஏதாவது நேர்ந்தால், மூன்றாவது கேள்வி உங்களுக்கானது. நேராவிட்டால் அதுவும் நல்ல செய்திதான்: ஒழுங்கின்மையையோ பட்டைகளையோ முயன்று பாருங்கள். இருபது அணுக்கள் கொண்ட சங்கிலியில் வலுவான தாவலும் வலுக்குறைந்த தாவலும் மாறி மாறி வருமாறு அமைத்து, இரு முனைகளிலும் வலுக்குறைந்த பிணைப்பு வரச்செய்தால், சுழி ஆற்றலை ஒட்டி இரண்டு விளிம்பு நிலைகள் தோன்றும். டோபாலஜி பக்கம் போக விரும்புபவருக்கு அந்தச் சங்கிலிதான் வெள்ளைத் தாள்.

மூன்றாவது: கணிப்பொறிக்கு மாறுங்கள், ஆனால் விடை தெரிந்த கணக்கோடு

அடுத்த படி, அந்த ஜே-யை மட்டும் வைத்துக்கொண்டு ஸ்பின்களைச் சங்கிலியாகக் கோப்பது. ஹைசன்பெர்க் சங்கிலி என்று பெயர்: பக்கத்துப் பக்கத்து ஸ்பின்களின் புள்ளிப் பெருக்கத்தை ஜே-யால் பெருக்கிக் கூட்டினால் அதன் ஆற்றல். ஒரு ஸ்பின் கூடினால் நிலைகளின் எண்ணிக்கை இரு மடங்காகும். பத்துக்கு 1024, இருபதுக்குப் பத்து லட்சத்தைத் தாண்டும், நாற்பதுக்கு ஒரு லட்சம் கோடிக்கு மேல். 14 ஸ்பின்களுக்கே முழு அணியையும் சேமிக்க 2 கிகாபைட் நினைவகம் வேண்டும். எனவே முதலில் பைதானின் நம்பை தொகுப்பில் சிறிய அணிகள், பிறகு சைபை தொகுப்பில் உள்ள, ஒரு சில ஐகன் மதிப்புகளை மட்டும் காணும் லான்சோஸ் முறை என்று போங்கள். அந்த முறைக்கு அணியின் சுழியல்லாத உறுப்புகள் போதும்.

புதியவர்கள் இங்கே செய்யும் பெரிய தவறு, நிரல் ஓடியதும் விடை சரி என்று நம்பிவிடுவது. சரிபார்க்க எண்கள் தருகிறேன். முனைகளை இணைத்து வளையமாக்கி, ஜே-யை 1 என்று வைத்தால், நான்கு ஸ்பின்களின் அடிநிலை ஆற்றல் சரியாக −2. உங்களுக்கு −1.616 வந்தால் முனைகளை இணைக்க மறந்துவிட்டீர்கள். அது திறந்த சங்கிலியின் விடை. ஆறு ஸ்பின்களுக்கு −2.8028, எட்டுக்கு −3.6511, பத்துக்கு −4.5154.

இவற்றை ஒரு ஸ்பினுக்கான ஆற்றலாக மாற்றி, ஸ்பின் எண்ணிக்கையின் வர்க்கத்தின் தலைகீழுக்கு எதிராக வரையுங்கள். எட்டு, பத்து ஆகிய இரண்டு புள்ளிகளை மட்டும் நேர்கோட்டால் இணைத்து நீட்டினாலே −0.4429 கிடைக்கும். முடிவிலாச் சங்கிலியின் துல்லியமான விடை −0.4431, பேத்தே 1931இல் கண்ட முறையைக் கொண்டு 1938இல் ஹுல்தேன் கணக்கிட்டது. பத்து ஸ்பின்களை வைத்து முடிவிலியைத் தொட்டுவிடுகிறோம்!

இப்போது ஒரே ஒரு மாற்றம். பக்கத்து ஸ்பினோடு மட்டுமல்லாமல் அதற்கு அடுத்த ஸ்பினோடும் வினை இருக்கட்டும். முதலாவதை ஜே1, இரண்டாவதை ஜே2 என்போம். ஒரு ஸ்பின் தன் பக்கத்து ஸ்பினுக்கு எதிராக நிற்க விரும்புகிறது, அதற்கு அடுத்ததற்கும் எதிராக நிற்க விரும்புகிறது. இரண்டும் ஒருசேர நடக்காது. ஜே2 சரியாக ஜே1-இல் பாதியாக இருக்கும்போது அடிநிலையைத் துல்லியமாக எழுதிவிடலாம் என்று 1969இல் மஜும்தாரும் கோஷும் காட்டினார்கள்: பக்கத்துப் பக்கத்து ஸ்பின்கள் ஜோடி ஜோடியாகச் சிங்கிலெட்டாகிவிடும். வளையத்தில் இப்படி ஜோடி சேர இரண்டு வழிகள் இருப்பதால் ஒரே ஆற்றலில் இரண்டு நிலைகள் வரும்; ஒரு ஸ்பினுக்கு −0.375. உங்கள் நிரலில் எட்டு ஸ்பின்களுக்கு −3 இரண்டு முறை வருகிறதா என்று பாருங்கள். முன்பு தாளில் எழுதிய அதே இரண்டு எலக்ட்ரான் சிங்கிலெட்தான் இங்கே சங்கிலி முழுவதும் செங்கல்போல் அடுக்கியிருக்கிறது.

அப்படியென்றால் ஜே2 இல்லாத சங்கிலிக்கும், பாதியளவு ஜே2 உள்ள சங்கிலிக்கும் நடுவில் எங்கோ நிலை மாறுகிறது. எங்கே? இந்தக் கேள்வி வாயிலிருந்து தானாக வந்தால் நீங்கள் ஆய்வுக்குள் நுழைந்துவிட்டீர்கள். ஜே2-ஐக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தி, முதல் கிளர்வு நிலைகளில் சிங்கிலெட்டும் ட்ரிப்லெட்டும் (மொத்த ஸ்பின் 1 உள்ள நிலை) எங்கே குறுக்கே வெட்டிக்கொள்கின்றன என்று பாருங்கள். விகிதம் 0.2411 அருகே அது நிகழும். விடையைச் சொல்லிவிட்டேன் என்று வருந்த வேண்டாம். சிறிய வளையங்களிலிருந்து அந்த எண்ணைப் பிடிப்பது ஒரு மாத வேலை.

ஒரு பரிமாணச் சங்கிலியைத் தாண்டியதும் நிலம் வேகமாகக் கரடுமுரடாகிவிடும். முக்கோண அடுக்கில் ஸ்பின்களை வைத்தால் மூன்றில் இரண்டுதான் எதிரெதிராக நிற்க முடியும். அங்கே சிங்கிலெட் ஜோடிகள் ஓரிடத்தில் நிலைக்காமல் மாறி மாறி ஊசலாடும் என்று 1973இல் ஆண்டர்சன் முன்மொழிந்தார். தாமிர ஆக்சைடுகளில் பெட்நார்ட்ஸும் முல்லரும் 1986இல் உயர்வெப்ப மீக்கடத்துதலைக் கண்டதும், அந்த எண்ணத்தையே ஆண்டர்சன் அங்கே கொண்டுவந்தார். 1987இல் அதைக் கணக்காக வளர்த்தெடுத்த கட்டுரையில் ஸூ, ஆண்டர்சன் ஆகியோருடன் இருந்தவர் ஜி. பாஸ்கரன். பின்னாளில் நீண்ட காலம் சென்னைத் தரமணியில், மேட்சயன்ஸ் என்று மாணவர்கள் அழைக்கும் கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றியவர். உலகம் முழுவதும் விவாதித்த ஒரு கருத்து நம் ஊர் வழியாகவும் போயிருக்கிறது என்பது எனக்குத் தரும் ஊக்கம் கொஞ்சமல்ல.

பெரிய அமைப்புகளுக்கு ஆயத்த நிரல்கள் உண்டு: ஸ்பின் சங்கிலிகளுக்கு குவஸ்பின், நீண்ட சங்கிலிகளுக்காக ஸ்டீவன் வைட் 1992இல் கண்ட டிஎம்ஆர்ஜி முறைக்கு ஐடென்சரும் டென்பையும், மின்கடத்தல் கணக்குகளுக்கு கிவான்ட், உண்மைப் பொருள்களின் பட்டைகளுக்கு குவாண்டம் எஸ்பிரஸ்ஸோ. எல்லாம் இலவசம். ஆனால் சிறிய கணக்கை ஒருமுறையாவது உங்கள் கையால் எழுதிய நிரலில் செய்து முடித்த பிறகே இவற்றைத் தொடுங்கள். நான் ஹப்பார்டு வளையத்துக்கு நிரல் எழுதியபோது, கடைசி அணுவிலிருந்து முதல் அணுவுக்குத் தாவும் எலக்ட்ரான், வழியில் உள்ள மற்ற எலக்ட்ரான்களைக் கடப்பதால் வரும் குறியை விட்டுவிட்டேன். மூன்று வாரம் போயிற்று. அந்த மூன்று வாரத்தில் கற்றதை எந்த ஆயத்த நிரலும் எனக்குத் தந்திருக்காது.

நான்காவது: கட்டுரைகளைப் படிக்கும் முறை

ஆய்வுக் கட்டுரைகளை இலவசமாகப் படிக்கக்கூடிய ஆர்க்சிவ் இணையதளத்தில் இந்தத் துறைக்கென்று தனிப் பிரிவு உண்டு. அதற்குள் வலுவாகப் பிணைந்த எலக்ட்ரான்கள், மீக்கடத்துதல், ஒழுங்கற்ற அமைப்புகள், புள்ளியியல் இயற்பியல் என உட்பிரிவுகள். வார நாள் காலையில் புதுப் பட்டியல் வந்திருக்கும். ஒரே ஓர் உட்பிரிவைத் தேர்ந்தெடுத்து, ஒரு மாதம் தலைப்புகளையும் சுருக்கங்களையும் மட்டும் படியுங்கள். புரியாத சொற்கள் அடுக்கடுக்காக வரும். அவை எத்தனை முறை திரும்ப வருகின்றன என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அடிக்கடி வருவதை முதலில் கற்கலாம்.

கட்டுரைக்குள் போகும்போது முன்னுரையில் மூழ்காதீர்கள். ஹாமில்டோனியன் எங்கே எழுதப்பட்டிருக்கிறது என்று தேடுங்கள். பிறகு படங்கள். அதன்பின், ஒரு படத்தையாவது நீங்களே மீண்டும் வரைய முடியுமா என்று பாருங்கள். பத்துக் கட்டுரைகளைப் புரட்டுவதைவிட ஒரு படத்தைத் திரும்ப உருவாக்குவதையே நான் பரிந்துரைப்பேன். அதில் அச்சில் எழுதாமல் விட்ட முடிவுகள் எல்லாம் வெளியே வரும்.

பரபரப்புச் செய்திகளுக்கு முன் நிதானம் வேண்டும். 2023 ஜூலையில் எல்கே-99 என்ற பொருள் அறை வெப்பத்தில் மீக்கடத்தி என்று தென்கொரியக் குழு ஒன்று அறிவித்தது. சில வாரங்களிலேயே பல ஆய்வகங்கள் அதை மறுத்தன. மின்தடை திடீரெனக் குறைந்ததற்குக் காரணம், அதில் கலந்திருந்த தாமிர சல்பைடு 104 டிகிரி செல்சியஸ் அருகே கட்டமைப்பு மாறுவது. அதைக் கண்டுபிடித்தவர்கள் செய்ததெல்லாம் பொறுமையான, பழைய பாணி அளவீடுகள்.

ஐந்தாவது: நெறியாளரும் நிறுவனமும்

இந்தியாவில் முனைவர் பட்டச் சேர்க்கைக்கு ஜெஸ்ட், கேட், சிஎஸ்ஐஆர் நெட், டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனத்தின் தனித் தேர்வு ஆகியவை உண்டு. எந்த நிறுவனம் எதை ஏற்கிறது என்பதை அந்த ஆண்டின் அறிவிப்பில் பாருங்கள். சீனியர் சொன்னதை நம்பிப் படிவத்தைத் தவறவிட்டவர்களை நான் அறிவேன். இளநிலை முடித்தவர்களுக்கு ஒருங்கிணைந்த முனைவர் படிப்பும் சில இடங்களில் உண்டு. முதுநிலையின் கோடை விடுமுறையில் இந்திய அறிவியல் அகாடமிகள் நடத்தும் கோடைகால ஆய்வுத் திட்டத்துக்கு விண்ணப்பியுங்கள். இரண்டு மாதம் ஒரு குழுவோடு உட்கார்ந்தால், அந்த வாழ்க்கை உங்களுக்குப் பிடிக்குமா என்பது தெரிந்துவிடும்.

நெறியாளரைப் பற்றி ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்வேன். அவருடைய கட்டுரை எண்ணிக்கையைவிட, அவரிடம் இப்போது இருக்கும் மாணவர்களிடம் பேசுவது முக்கியம். எத்தனை நாளுக்கு ஒருமுறை சந்திப்பார், தவறான விடையோடு போனால் எப்படி நடந்துகொள்வார் என்று கேளுங்கள். ஐந்தாறு ஆண்டுகள் நாள்தோறும் நீங்கள் வாழப்போவது அந்தப் பதில்களோடுதான்.

ஆறாவது: "ஆய்வு ஆர்வம்" என்ற அந்தப் பத்தி

விண்ணப்பங்களில் மாணவர்கள் பெரும்பாலும் இப்படி எழுதுகிறார்கள்: "எனக்குச் சிறுவயது முதலே இயற்பியலில் ஆர்வம் உண்டு. டோபாலஜிகல் பொருள்கள், மீக்கடத்துதல், குவாண்டம் தகவல் ஆகியவற்றில் ஆய்வு செய்ய விரும்புகிறேன்." படிப்பவருக்கு இதில் பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லை. நேர்முகத்தில் நான் சொன்னதும் இதேதான்.

மேலே உள்ள பயிற்சிகளை முடித்த மாணவர் இப்படி எழுதலாம்: "போட்டியிடும் காந்த வினைகள் உள்ள ஸ்பின் சங்கிலிகளில் எனக்கு ஆர்வம். முதுநிலைத் திட்டப் பணியில் ஜே1–ஜே2 சங்கிலியை 16 ஸ்பின்கள் வரை கணக்கிட்டு, நிலை மாறும் விகிதத்தை ஆற்றல் மட்டங்களின் வெட்டுப்புள்ளியிலிருந்து மதிப்பிட்டேன். ஆற்றல் இடைவெளியை நேரடியாக நீட்டிப் பார்த்தபோது அதே விகிதம் தெளிவாகக் கிடைக்கவில்லை. நிலை மாறும் இடத்தருகே உண்மையான இடைவெளி மிகச் சிறிதாக இருப்பதால், சிறிய அமைப்புகளில் அதைப் பிரித்தறிய முடியாததே காரணம் என்று கருதுகிறேன். இதே போட்டி இரு பரிமாண முக்கோண அடுக்கில் எவ்வாறு மாறுகிறது என்பதைக் கற்க விரும்புகிறேன்."

இரண்டாவது பத்தியில் செய்தது, கிடைத்தது, கிடைக்காதது, அடுத்துப் போக விரும்பும் இடம் எல்லாம் இருக்கின்றன. முக்கியமாக, கிடைக்காததை ஒளிக்கவில்லை. நேர்முகத்தில் அந்த வரியிலிருந்துதான் கேள்வி வரும். அதற்கு உங்களிடம் பதில் இருக்கும், ஏனென்றால் அதில் நீங்களே சிக்கித் தவித்திருக்கிறீர்கள். செய்யாத எதையும் எழுதாதீர்கள். 16 ஸ்பின்கள் செய்யவில்லையென்றால் 10 என்றே எழுதுங்கள்.

பேராசிரியருக்குக் கடிதம் எழுதும்போது இந்தப் பத்தியையே பாதியாகச் சுருக்கினால் போதும். அதற்கு முன் அவருடைய அண்மைக் கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் உங்களுக்குப் புரியாத ஓர் இடத்தைக் குறிப்பிட்டு ஒரு கேள்வி கேளுங்கள். "மதிப்பிற்குரிய ஐயா" அல்லது "அம்மா" என்று தொடங்கி ஒரு பக்கத்துக்குள் முடியுங்கள். மதிப்பெண் பட்டியலோடு, நீங்கள் வரைந்த ஒரே ஒரு படத்தையும் இணையுங்கள்; அச்சுகளுக்குப் பெயரும் அலகும் இருக்கட்டும். இரண்டு வாரம் காத்திருங்கள். பதில் வராவிட்டால் ஒரே ஒரு முறை மட்டும் பணிவாக நினைவூட்டுங்கள். அதன்பின் அடுத்தவருக்கு எழுதலாம். ஆனால் அவருடைய கட்டுரையைப் படித்துவிட்டு, கடிதத்தை முதல் வரியிலிருந்து புதிதாக எழுதுங்கள்.